வேலியில் தொங்கிய மதர்போர்டு

போன வாரம் என் மகள் ஒரு கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கி வந்து சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினாள். கட்டடக்கலை படிக்கிறவள். கடையில் முழுசாக விற்கிற மிஷின் அவளுக்கு ஆகாதாம். மதர்போர்டு இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பையைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் சூட்டுக்கோலும் கலந்த மாதிரி. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் போய், குனிந்து, அதன் மேல் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன்.

"இன்னாம்மா, மோந்தெல்லாம் பாக்குற? ரசமா அது?" என்றாள்.

மோந்து பார்க்காமல் எதையும் வாங்காத ஊரில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? தோலை மோந்து பார்ப்போம், பசையை மோந்து பார்ப்போம், சாயத்தை மோந்து பார்ப்போம். அதோடு விட்டேனா? போர்டைத் திருப்பி, திருகாணி போடுகிற ஓட்டைகளைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். மகள் பொறுமையிழந்து பிடுங்கிக்கொண்டாள். "அங்க இன்னா இருக்குது?" என்றாள். அங்கேதான்டி எல்லாம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவளுக்குக் கேட்க நேரமில்லை. உங்களுக்கு இருக்குமென்று நினைக்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களா? அந்த நாளில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஊர் வந்துவிட்டதென்று மூக்கால் தெரிந்துகொள்வார்கள். தோல் பதனிடுகிற இடங்களில் முடி உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிகள் இருக்கும். அதிலிருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். மழைக்காலத்தில் அது மேலே எழும்பாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். எங்களுக்கு அது தெரியாது. சென்னையில் சித்தி வீட்டுக்குப் போனால்தான் காற்றில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

ஆனால் வெள்ளிக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போட்ட புதுக் கொலுசு மூன்றே மாதத்தில் என் காலில் கறுத்துவிட்டது. மெருகு போடுவதற்காக வேலூரில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கொலுசைப் பார்த்தார், "ஆம்பூரா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மெருகு போடாமலே திரும்பி வந்துவிட்டேன். அப்போதெல்லாம் மூக்குமேல் கோபம் வரும். இப்போது மட்டும் என்ன குறைந்துவிட்டதென்று என் வீட்டுக்காரர் கேட்பார், அதை விடுங்கள்.

நான் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியில். முன்பக்கம் ஷூ தைக்கிற கட்டடம், பின்பக்கம் தோல் பதனிடுகிற கொட்டகை. எனக்கு வேலை பேட்டர்ன் ரூமில். ஒரு புது மாடலை ஒரே ஒரு அளவில்தான் முதலில் வரைவார்கள். அதை முப்பத்தாறு முதல் நாற்பத்தொன்று வரை எல்லாக் கால்களுக்கும் சிறிதும் பெரிதுமாக மாற்றி வரைந்து, அட்டையில் வெட்டித் தருவது எங்கள் பாடு. முன்பு கையால் செய்தோம். 2006 வாக்கில் அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

அந்த ரூமில் நாங்கள் மூன்று பேர். பேட்டர்ன் மாஸ்டர் டேவிட் முதல் ஆள். ஐம்பதைத் தாண்டியவர், கம்ப்யூட்டர் வந்தால் முறுக்கிக்கொள்வார் என்று நாங்கள் பயந்தோம். மனுஷன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு, பென்சிலையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் குனிந்து வரைந்து இடுப்பு போச்சு, இனி உட்கார்ந்துதான் வேலை என்றார். அடுத்தது கௌசல்யா. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புகுந்த வீட்டில் லுங்கித் தறி. வீட்டிலேயே நூல் சுற்ற ஆள் வேண்டும், வெளியே போய் என்ன சம்பாதிக்கப்போகிறாள் என்று மாமியார் ஒரு வருஷம் சண்டை போட்டார். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில்தான் அனுப்பினார்கள். மூன்றாவது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான்.

அந்த முதல் கம்ப்யூட்டர் எட்டு மாதம் உயிரோடு இருந்தது. அடுத்தது ஐந்தே மாதம். இரண்டும் விலை உயர்ந்த, முத்திரை போட்ட, சென்னையிலிருந்து வந்த மிஷின்கள். நாங்கள் அவற்றைக் கவனித்துக்கொண்ட மாதிரி யாரும் கவனித்திருக்க முடியாது. தூசி படக்கூடாதென்று நானே அளவெடுத்து, பேட்டர்ன் போட்டு, நல்ல ஆட்டுத்தோலில் ஒரு உறை தைத்தேன். ஆறு துண்டு, ஓரமெல்லாம் பைப்பிங், கேபிள் வெளியே வர அழகான வாய். வேலை முடிந்ததும் அதைப் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்புவோம். வெளிநாட்டிலிருந்து ஷூ பார்க்க வந்த ஒருவர் ஷூவை விட்டுவிட்டு உறையைத் தடவிப் பார்த்து மெச்சினார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இரண்டாவதும் செத்ததும் மேனேஜர் ஜமீல் எங்களைக் கூப்பிட்டார். நேரில் அவர் சார், முதுகுக்குப் பின்னால் பாய். நல்ல மனுஷர், ஆனால் கம்பெனி நஷ்டப்படுவதை அவரால் பொறுக்க முடியாது.

"இந்தக் காத்துக்கு மிஷின் நிக்காது. டிசம்பர் ஷிப்மென்ட் முடிஞ்சதும் பேட்டர்ன் ரூமை மெட்ராஸ் ஆபீசுக்கு மாத்தப்போறோம். அங்க ஏசி இருக்குது. வர்றவங்க வரலாம்," என்றார்.

கௌசல்யா தலையைக் குனிந்து சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு அனுப்பவே ஒரு வருஷம் ஆனது, மெட்ராஸுக்கு யார் அனுப்புவார்கள்? எனக்கும் அதே கதைதான். என் வீட்டுக்காரருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை. டேவிட் மாஸ்டருக்கு ஆம்பூரை விட்டால் உலகமே கிடையாது. மூன்று பேருடைய பிழைப்பும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

"சார், சாவாத மிஷின் ஒண்ணு நான் செஞ்சி தர்றேன்," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை நான் ஒரு கம்ப்யூட்டரின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. வாய் முந்திக்கொண்டது. ஜமீல் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செய். பழைய மிஷின் வெலையில பாதிதான் தருவேன். டிசம்பர் முடியற வரைக்கும் ஓடணும். ஒரு நாள் நின்னாலும் பேச்சு கெடையாது."

வெளியே வந்ததும் டேவிட் மாஸ்டர், "இன்னா பாப்பா, சோறாக்குற மாதிரி சொல்லிட்டே?" என்றார்.

மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் கம்பெனியின் டைம் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வருகைப் பதிவுக்காக எந்தக் காலத்திலோ வாங்கியது. பக்கத்து மூடி கிடையாது, உறை கிடையாது, உள்ளே சிலந்தி குடித்தனம் நடத்தியது. ஒரு தடவை அதன்மேல் டீ கொட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பாட்டுக்கு ஓடியது. அதே காற்றுதானே அதற்கும்? செல்லமாக வளர்ந்தது சாகிறது, அநாதையாகக் கிடந்தது பிழைக்கிறது. இது என்ன நியாயம்?

ஒரு மத்தியானம் டார்ச் எடுத்துக்கொண்டு போய் அதற்குள் எட்டிப் பார்த்தேன். பிறகு செத்துப்போன எங்கள் இரண்டாவது மிஷினைத் திறந்து பார்த்தேன். எங்களுடையதில் திருகாணி ஓட்டைகளைச் சுற்றியிருந்த வளையங்கள் கன்னங்கரேலென்று இருந்தன. அந்தக் கறுப்பை எனக்கு நன்றாகத் தெரியும், அதைத்தான் மூன்று மாதம் காலில் போட்டுக்கொண்டு நடந்தேன்! டைம் ஆபீஸ் கிழத்தில் அதே இடம் மங்கலாக, ஈய நிறத்தில், கொஞ்சம் மேடாக, சுத்தமாக இருந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு வேலூரை ஒட்டிய பாகாயத்தில் ஸ்டீபன் கடைக்குப் போனேன். மெடிக்கல் காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறவர். நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"கரெக்டுதான் சிஸ்டர். முன்னாடி போர்டு மேல ஈயம் பூசுவான். இப்போ ஈயம் கூடாதுன்னு வெளிநாட்டுல சட்டம் வந்துட்ச்சி. அதனால சில போர்டுல வெள்ளி பூச ஆரம்பிச்சிட்டான். ஆனா அதனாலதான் சாவுதுன்னு சொல்றது ஜாஸ்தி. உங்க ஊர்ல தூசி, அவ்ளோதான்."

ஜாஸ்தியா கம்மியா என்று பார்த்துவிடலாம் என்றேன். அவர் கடையின் குப்பைப் பெட்டியிலிருந்து கெட்டுப்போன மூன்று போர்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று ஈயம், இரண்டு வெள்ளி. ஷூ கம்பெனியில் எதையும் வாய்ப்பேச்சில் நம்பமாட்டோம். சாம்பிள் செய்து, போட்டு நடந்து பார்த்து, தேய்ந்தது தேயாதது பார்த்துத்தான் சரி சொல்வோம். அதே வழக்கம். ஈயப் போர்டு ஒன்றையும் வெள்ளிப் போர்டு ஒன்றையும் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்து முள்வேலியில், தகரக் கூரைக்கு அடியில், கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். கொட்டகை ஆட்களெல்லாம் யாருக்குத் திருஷ்டி கழிக்கிறேன் என்று கேட்டார்கள். மூன்றாவது வெள்ளிப் போர்டைப் பத்திரமாக இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பேட்டர்ன் ரூமில் நான் தைத்த உறைக்குள் வைத்து மூடினேன். அது ராஜா வீட்டுப் பிள்ளை, அதற்கு ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம்.

பதினைந்து நாள் கழித்து வேலியிலிருந்து இரண்டையும் அவிழ்த்தேன். ஈயம் போட்டது போட்டபடி இருந்தது. வெள்ளி பழுப்படித்து, அங்கங்கே கறுத்திருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை, ஓடினேன். டேவிட் மாஸ்டர் முன்னால் உறையைத் தூக்கி மூன்றாவதை எடுத்தேன்.

தார் மாதிரி இருந்தது. வேலியில் மழைக்காற்றில் தொங்கியதைவிட, நான் பொத்திப் பொத்தி வைத்தது இரண்டு மடங்கு கறுத்திருந்தது.

டேவிட் மாஸ்டர் உறையை எடுத்து மோந்து பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "தோலும் அந்தக் குழியில ஊறி வந்ததுதான பாப்பா." உறைக்குள் ஈரமும் அந்தக் காற்றும் சேர்ந்து தங்கியிருக்கிறது. பகலெல்லாம் வேலை செய்து சூடான மிஷினை நாங்களே தினமும் அதற்குள் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறோம். வேறு எந்த ஊரிலாவது கம்ப்யூட்டருக்குத் தோல் உறை தைப்பார்களா? எங்கள் ஊரில் எதற்குமே தோல் உறைதான், கண்ணாடிக்கும் கத்தரிக்கும் பைபிளுக்கும்கூட. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு துண்டு, பைப்பிங், கேபிளுக்கு அழகான வாய்!

மறைத்திருக்கலாம். காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மேனேஜர் ரூமுக்குள் போனதும் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"சார், மிஷினைக் கொன்னது நான்தான்."

"ரெண்டையுமா?"

"ஆமா சார். பாதி அந்த வெள்ளி, பாதி என் உறை."

மூன்று போர்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஜமீல் பாய் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்து, தோலைத் தரம் பிரிக்கிற மாதிரியே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்த வெளிநாட்டுக்காரன் வேற மெச்சிட்டுப் போனான்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பணத்துக்கு அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பாகாயத்தில் அடுத்த போராட்டம். கடையில் புதுசாக வந்திருந்த போர்டு ஒன்றை ஸ்டீபன் காட்டினார். புது ரக பிராசசர் அதில்தான் உட்காரும், புது ரக மெமரி போடலாம், நாளைக்கே வேகம் போதவில்லை என்றால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் சரி, திருப்பிப் பார்த்தேன், வளையம் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. வேண்டாம் என்றேன். பரணில் தூசிக்குள் ஒரு பழைய போர்டு கிடந்தது. ஈயம். படம் காட்டுகிற சமாச்சாரம், சத்தம் போடுகிற சமாச்சாரம் எல்லாம் அதிலேயே சேர்ந்திருந்தது, தனித்தனி அட்டை செருகவே வேண்டாம். செருகுகிற இடம் குறைந்தால் கறுக்கிற இடமும் குறையும் என்று எனக்குப் பட்டது.

"ஐயோ சிஸ்டர், அது டெட் ஸ்டாக். அதுக்குப் போற பிராசசர் வர்றது நின்னுட்ச்சி. மெமரியும் இன்னும் கொஞ்ச நாள்தான். நாளைக்கு அப்கிரேடே பண்ண முடியாது."

"நாளைக்கு இருக்கட்டும். டிசம்பர் தாண்டணும், அதுக்கு வழி சொல்லுங்க."

பிராசசரிலும் இழுபறி. பரணில் இன்னும் தேடியதில் அந்தப் பழைய ஈயப் போர்டிலேயே இரண்டு ரகம் இருந்தது. ஒரு கம்பெனி பிராசசர் அதே விலைக்கு நல்ல வேகம், ஆனால் அடுப்பு மாதிரி கொதிக்கும், பெரிய ஃபேன் வேண்டும். இன்னொரு கம்பெனியுடையது மந்தம், ஆனால் சூடு கம்மி, சின்ன ஃபேன் போதும். காலேஜ் பிள்ளைகளெல்லாம் வேகமானதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றார். பெரிய ஃபேன் என்றால் எங்கள் ஊர்க் காற்றை அதிகமாக உள்ளே இழுக்கும் என்றேன். ஸ்டீபன் பேனாவைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் காற்றைச் சொல்லிப் பிராசசர் வாங்கியதில்லை என்றார். மந்தமானதையே எடுத்தேன். எங்களுக்கு வேண்டியது ஷூ, ராக்கெட் இல்லை.

அக்டோபரில் மழையோடு சேர்ந்து எங்கள் மிஷினும் வந்தது. டேவிட் மாஸ்டர் அட்டை வெட்டுகிற மேசைமேல் வைத்து ஸ்டீபனும் நானும் திருகாணி முடுக்கினோம். ஸ்விட்சைப் போட்டதும் "பீப்" என்று ஒரே ஒரு சத்தம். கௌசல்யா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உறை கிடையாது, மூடி கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு பழைய குடியாத்தம் லுங்கியை மேலே போடுவோம், அவ்வளவுதான் மரியாதை.

அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. காலையில் ரூமுக்குள் நுழைந்து ஸ்விட்சைப் போட்டு, அந்த பீப் வருகிறவரை மூன்று பேரும் மூச்சுவிட மாட்டோம். நவம்பரில் ஒரு காலை, வரவில்லை. மறுபடி போட்டேன். வரவில்லை. "அக்கா, போச்சாக்கா?" என்றாள் கௌசல்யா. அவள் கண் நிறைந்துவிட்டது. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். நிமிர்ந்தால் வாசலில் ஜமீல் பாய்.

அவர் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றவில்லை. ரூமில் ஒழுகுகிறதென்று வாட்ச்மேன் மெயினையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். குளிரில் யாரும் ஃபேன் போடாததால் எங்களுக்குத் தெரியவில்லை. மெயினைப் போட்டதும் பீப்.

"இது நின்னதுல சேருமா சேராதா?" என்றார்.

"கரண்ட்டுதான் சார் நின்னுச்சு. மிஷின் நிக்கல."

"வாய் மட்டும் என்னிக்கும் நிக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் ஷிப்மென்ட் கிளம்பியது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. கடைசி லாரி போன மறுநாள் ஜமீல் பாய் ரூமுக்கு வந்து மூடியில்லாத மிஷினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வளையங்கள் ஈய நிறத்தில் அப்படியே இருந்தன. "பேட்டர்ன் ரூம் எங்கயும் போகல. போய் வேலையைப் பாருங்க," என்றார். கௌசல்யா என்னைக் கட்டிக்கொண்டதில் என் கண்ணாடி கீழே விழுந்தது. டேவிட் மாஸ்டர் சத்தமாக ஒரு ஞானப்பாட்டைப் பாட ஆரம்பித்தார். பரீட்சையில் பாஸானபோதோ கல்யாணத்தின்போதோ இப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்காரர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நான் ஊரில் கொஞ்சம் பெரிய மனுஷி. வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று கம்பெனி கம்பெனியாக ஆள் வந்து அந்த வேலிக் கதையைக் கேட்டுப் போனார்கள். டெட் ஸ்டாக் என்று என்னைக் கேலி செய்த ஸ்டீபன், சென்னையில் எந்தக் கிடங்கில் ஈயப் போர்டு மிச்சம் இருக்கிறதென்று தேடித் தேடி வாங்கி வந்து, எங்கள் பக்கத்துக்கென்றே தனி மிஷின் செய்தார். "ஆம்பூர் பொட்டி" என்றே அதற்குப் பெயர். எங்கள் பெட்டி ஒன்பது வருஷம் ஓடியது. பொருளே தீர்ந்து, மெமரி கிடைக்காமல்தான் நிறுத்தினோம், தானாக அது சாகவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். நின்றுபோனால் ஒருவன் வந்து பேசாமல் வேறொன்றை வைத்துவிட்டுப் போகிறான், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஜமீல் பாய் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். எங்கள் ரூமில் ஒரு செங்கல் மிச்சமில்லை.

போன வைகாசியில் கௌசல்யாவின் மகளுக்குக் கல்யாணம், அந்த மண்டபத்திலேயே. பெண் நர்சிங் படித்து வேலூரில் வேலை பார்க்கிறாள். பந்தியில் நானும் டேவிட் மாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கௌசல்யா சம்பந்தியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் இலைக்கு முன்னால் வந்தாள்.

"இவங்கதான் சம்பந்தி நான் சொன்ன அக்கா. இவங்க மட்டும் அன்னிக்கு வாயைத் தொறக்கலன்னா நான் வூட்டோட நூல் சுத்திட்டு இருந்திருப்பேன். எம் பொண்ணும் படிச்சிருக்க மாட்டா."

சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த எடத்துல வேல பாத்தீங்க?" என்று கேட்டார்.

கௌசல்யா திரும்பிப் பார்த்தாள். எங்கே என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. பிறகு டேவிட் மாஸ்டர் அமர்ந்திருந்த நாற்காலியைக் காட்டினாள். "இங்கதான்," என்றாள்.

மாஸ்டர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.